கேளுங்க, சொல்றேன்: கொம்பு ஊதின குடும்பம்

போன இதழ்ல, ஜெர்மனியில இன்னிக்கும் மஞ்சள் தபால் வண்டி மேல கறுப்பா ஒரு கொம்பு வரைஞ்சிருக்காங்களே அது ஏன்னு நாலே நாலு வரியில ஒரு துணுக்கு எழுதியிருந்தேன். துர்ன் உன்ட் டாக்ஸிஸ்னு ஒரு பிரபுக் குடும்பம் 1490லேர்ந்து 1867 வரைக்கும் அந்தப் பக்கத்துல தபால் நடத்துச்சு, கொம்பு அவங்க விட்டுட்டுப் போன அடையாளம்னு முடிச்சுட்டேன். நாலு வரியோட நிறுத்தினது என் தப்பு. இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதி அவங்களைப் பத்தித்தான், அதனால மத்ததையெல்லாம் அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டு இதையே எடுத்துக்கிட்டேன். மழை ஏன் உப்பா இல்லைன்னு கேட்ட தஞ்சாவூர் மாணவர் கோவிச்சுக்கக் கூடாது.

கேள்வி: டாக்ஸின்னு நாம சொல்ற வண்டிக்கு இந்த டாக்ஸிஸ் குடும்பத்தோட பேர்தான் வந்துச்சாமே, நிஜமா சார்? – வாசகர், காரைக்குடி

இல்லீங்க. எனக்கு வாட்ஸ்அப்ல இதே செய்தி மூணு தடவை வந்திருக்கு, மூணு தடவையும் ஒரு குதிரை வண்டி படத்தோட. டாக்ஸிங்கறது டாக்ஸிமீட்டர்ங்கற வார்த்தையோட சுருக்கம், லத்தீன்ல டாக்ஸான்னா கட்டணம், வரி. இங்கிலீஷ்ல டாக்ஸ் வந்ததும் அந்த வழியிலதான். ஓடின தூரத்துக்குக் கட்டணம் காட்டுற அந்த மீட்டரை வண்டியில மாட்டினதால வண்டிக்கே அந்தப் பேர் ஒட்டிக்கிச்சு. குடும்பப் பேரோட கதை வேற, அது ஒரு மிருகத்தோட பேரு, கீழ வருது. எழுத்து ஒண்ணா இருக்கறதால ஜெர்மன்காரங்களே குழம்பிப் போறாங்க, நாம குழம்பினா தப்பில்ல.

கேள்வி: ஜெர்மன் பிரபுக்கள்னு எழுதினீங்க, ஆனா பேரைப் பாத்தா ஜெர்மன் மாதிரியே தெரியலையே? – வாசகி, திருநெல்வேலி

நல்லா கவனிச்சிருக்கீங்கம்மா. பூர்வீகம் இத்தாலி. வடக்கு இத்தாலியில பெர்காமோன்னு ஒரு ஊர், அதுக்கு மேல பிரெம்பானா பள்ளத்தாக்கு, அங்க மலையோரத்துல ஒட்டிக்கிட்டிருக்கற கோர்னெல்லோன்னு ஒரு குக்கிராமம், அதுதான் சொந்த ஊர். வேடிக்கை என்னன்னா ஐரோப்பா பூரா தபால் பாதை போட்டவங்களோட அந்த ஊருக்கு இன்னிக்கும் வண்டியில போய் இறங்க முடியாது, கடைசித் தூரம் நடந்துதான் ஏறணும். ஏறிப் போனா ஒரு சின்ன தபால் மியூசியம் வச்சிருக்காங்க.

அங்க இவங்க பேரு தாஸ்ஸோ. இத்தாலிய மொழியில தாஸ்ஸோன்னா பேட்ஜர், நம்மாளுங்க வளைக்கரடின்னு எழுதுறாங்க, மூஞ்சியில வெள்ளைக் கோடு போட்டுக்கிட்டு மண்ணுல வளை தோண்டிக்கிட்டு இருக்குமே அது. வெனிஸுக்காகவும் போப்பாண்டவருக்காகவும் கடிதம் தூக்கிட்டு ஓடின தூதர்கள் இவங்க, சுருக்கமாச் சொன்னா கூரியர்காரங்க. 1512ல மாக்ஸிமிலியன் சக்கரவர்த்தி, அதாவது அன்னிக்கு ஜெர்மனியும் சுத்துப்பக்கமும் சேர்ந்து இருந்த புனித ரோமானிய சாம்ராஜ்யத்தோட தலைவர், இவங்களுக்குப் பிரபு அந்தஸ்து குடுத்தாரு. தாஸ்ஸோ தாஸிஸ் ஆகி, அப்புறம் டாக்ஸிஸ் ஆச்சு.

துர்ன் வந்த கதைதான் எனக்குப் பிடிச்சது. பணம் வந்தாச்சு, பதவி வந்தாச்சு, ஆனா பழைய வம்சத்துப் பிரபுக்கள் நடுவுல போய் உக்காந்தா 'தாத்தா தபால் தூக்கினவரு'ன்னு முதுகுக்குப் பின்னாடி பேசுவாங்க இல்லையா, அதனால வம்சாவளி எழுதறவங்களை வச்சு ஆராய்ச்சி பண்ண வச்சாங்க. ஆராய்ச்சியில, ஒரு காலத்துல மிலான் நகரத்தையே ஆண்ட தெல்லா தோர்ரே வம்சத்துலேர்ந்து வந்தவங்கதான் நாங்கன்னு கண்டுபிடிச்சாங்க, காசு குடுத்தவங்களுக்கு வேண்டியது கிடைக்காமலா போகும். தோர்ரேன்னா கோபுரம், ஜெர்மன்ல துர்ன். 1650ல அந்தப் பேரை வச்சுக்க அனுமதியும் கிடைச்சுது. அதனாலதான் குடும்பச் சின்னத்துல கோபுரமும் இருக்கு, அந்தப் பழைய வளைக்கரடியும் இருக்கு. வளைக்கரடியைத் தூக்கி எறியாம விட்டாங்க பாருங்க, அந்த வரைக்கும் நேர்மை.

கேள்வி: ஒரே குதிரையில ஒரே ஆள் அவ்வளவு தூரம் போவாரா? வழியில தூங்க மாட்டாரா? – ஏழாம் வகுப்பு மாணவி, புதுக்கோட்டை

பாப்பா, இந்தக் கேள்விக்கான பதில்தான் அந்தக் குடும்பத்தோட மொத்த தொழில் ரகசியமே. ஸ்கூல்ல அஞ்சல் ஓட்டம் ஓடியிருப்பே இல்ல, ஒருத்தர் கட்டையை எடுத்துட்டு ஓடி அடுத்தவர் கையில குடுக்கறது, அதேதான். நம்ம தமிழ்ல ரிலே ரேஸுக்கும் போஸ்ட்டுக்கும் அஞ்சல்னு ஒரே வார்த்தை இருக்கறது சும்மா இல்ல, உங்க தாத்தா ரேடியோவுல 'டெல்லி அஞ்சல்' கேட்டிருப்பாரு, அங்கேர்ந்து வாங்கி இங்க விடுறதுன்னு அர்த்தம். போஸ்ட்ங்கற வார்த்தையும் அந்த வழிதான், 'இந்த இடத்துல நிறுத்தி வச்சது'ன்னு அர்த்தம், அதாவது வழிநெடுக நிறுத்தி வச்ச குதிரையும் ஆளும். கடிதத்துக்கு அந்தப் பேர் பின்னாடிதான் வந்துச்சு.

1490ல மாக்ஸிமிலியனுக்காக ஆல்ப்ஸ் மலையில இருக்கற இன்ஸ்ப்ரூக்லேர்ந்து இன்னிக்கு பெல்ஜியத்துல இருக்கற மெகெலன் வரைக்கும் முதல் பாதை போட்டாங்க. அவரோட சொத்து ஒரு மூலையில ஆஸ்திரியா, இன்னொரு மூலையில நெதர்லாந்துன்னு சிதறிக் கிடந்துச்சு, நடுவுல அவர் பேச்சை முழுசாக் கேக்காத நூறு குட்டி ராஜாங்கம். பாதையில முதல்ல சுமார் 35, 40 கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம், போகப்போக இன்னும் நெருக்கமா வச்சாங்க. நிறுத்தத்துல இருக்கறவரு பெரும்பாலும் அந்த ஊர்ல சத்திரமோ ஹோட்டலோ நடத்தறவரு. அவர்கிட்டதான் லாயம் இருக்கும், புல்லு இருக்கும், ராத்திரி கதவைத் தட்டினா எழுந்து வர்றதுக்கு ஆள் இருக்கும். ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் போனவங்க கவனிச்சிருப்பீங்க, ஊருக்கு ஊர் 'போஸ்ட்'னு பேர் வச்ச பழைய ஹோட்டல் ஒண்ணு இருக்கும், அதுல நிறைய இந்த லாயங்கள்தான்.

இப்ப ராத்திரி ரெண்டு மணின்னு வச்சுக்கோ. தூரத்துல கொம்பு சத்தம் கேக்குது. ஊர்க் காவலாளி கோட்டைக் கதவைத் திறக்கணும், ஆத்துல ஓடக்காரன் எழுந்து ஓடத்தை இழுக்கணும், எதிர்ல வர்ற மாட்டு வண்டி ஓரம் கட்டணும், தபால்காரன் கொம்புக்கு அவ்வளவு மரியாதை. லாயத்துல அதுக்குள்ள அடுத்த குதிரைக்குச் சேணம் போட்டு வச்சிருப்பாங்க. வந்தவரு இறங்கி பையைக் குடுப்பாரு, கூடவே ஒரு காகிதமும் குடுப்பாரு. அந்தக் காகிதத்துல ஒவ்வொரு நிறுத்தத்துலயும் 'இந்த நாள், இத்தனை மணிக்கு என் கையில வந்துச்சு'ன்னு எழுதணும், அதுக்கு மணிச்சீட்டுன்னே பேரு. எங்க லேட் ஆச்சு, யார் குறட்டை விட்டாங்கன்னு கடைசியில தெரிஞ்சிரும். இன்னிக்கு பார்சல் எங்க இருக்குன்னு போன்ல தட்டித் தட்டிப் பாக்கறோமே அதோட கொள்ளுத்தாத்தா இது. அதே காலத்துல இத்தாலியில அவசரக் கடிதத்து மேல 'சீத்தோ, சீத்தோ'ன்னு, சீக்கிரம் சீக்கிரம்னு எழுதி, பக்கத்துல ஒரு தூக்குமரமும் வரைஞ்சு விட்டிருக்காங்க, லேட் பண்ணினா என்ன ஆகும்னு படிக்கத் தெரியாதவனுக்கும் புரியணும்ல.

வேகம் கேட்டா ஆச்சரியப்படுவே. 1505ல இந்தக் குடும்பத்து ஃப்ரான்ட்ஸ் ஃபான் டாக்ஸிஸ்ங்கறவரு மாக்ஸிமிலியனோட மகன் ஃபிலிப்போட ஒரு ஒப்பந்தம் போட்டாரு, அதுல பிரஸ்ஸல்ஸ்லேர்ந்து இன்ஸ்ப்ரூக் கோடையில அஞ்சரை நாள், குளிர்காலத்துல ஆறரை நாள்னு கணக்கு எழுதியிருக்கு. பாரீஸுக்கு 44 மணி நேரம், பனிக்காலம்னா 54. நாள் கணக்குல பேசிட்டிருந்த உலகத்துல மணிக்கணக்குல வாக்குக் குடுத்தது அப்போ பெரிய விஷயம். ஆளும் மாறுது, குதிரையும் மாறுது, பை மட்டும் தூங்காம போய்க்கிட்டே இருக்கு. அதனால உன் கேள்விக்குப் பதில், அவரு தூங்குவாரு, கடிதம்தான் தூங்காது.

கேள்வி: அது பிரைவேட் கம்பெனியா, கவர்மென்டா? – வாசகர், கோவை

ரெண்டும் இல்ல, ரெண்டும்தான்னு சொல்லணும். ராஜா குடுத்த உரிமை, நடத்தறது குடும்பம், நஷ்டமும் லாபமும் குடும்பத்துக்கு. முதல்ல ராஜா வீட்டுக் கடிதத்துக்கு மட்டும்தான் பாதை, அதுக்கு வருஷத்துக்கு இவ்வளவுன்னு பணம் பேசினாங்க. ஆனா மாக்ஸிமிலியன் கையில எப்பவும் காசு இருக்காது, சொன்ன பணம் சொன்ன தேதிக்கு வரவே வராது. குதிரைக்குத் தினம் புல்லு போடணுமே, அதனால வழியில வியாபாரிங்க கடிதத்தையும் கட்டணம் வாங்கிக்கிட்டு அதே பையில போட ஆரம்பிச்சாங்க. ராஜா பாக்கி வைக்காம ஒழுங்காப் பணம் குடுத்திருந்தா சாமானிய ஜனங்களுக்கு தபால் வர்றதுக்கு இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பாக்கி விவகாரம் ஒரு கட்டத்துல வெடிச்சுது. 16ஆம் நூற்றாண்டுல காசு குடுக்க வேண்டிய பொறுப்பு ஸ்பெயின் ராஜா கைக்குப் போயிருந்துச்சு, 1575ல ஸ்பெயின் கஜானா திவால். ஜெர்மன் பாதையில லாயம் வச்சிருந்த சத்திரக்காரங்க சம்பளம் இல்லாம எத்தனை நாள் குதிரை ஓட்டுவாங்க, வேலை நிறுத்தம் பண்ணிட்டாங்க. அதைச் சரி பண்ணி எழுப்பி நிறுத்தறதுக்குள்ள பெரும்பாடு. 1597ல ருடால்ஃப் சக்கரவர்த்தி தபால்ங்கறது சக்கரவர்த்தியோட தனி உரிமைன்னு அறிவிச்சாரு, 1615ல லாமொரால் ஃபான் டாக்ஸிஸ்கிட்ட அந்த வேலையைப் பரம்பரைச் சொத்தாவே எழுதிக் குடுத்துட்டாங்க. அப்பா போனா பிள்ளை, பிள்ளை போனா பேரன். 1695ல இளவரசர் பட்டமும் வந்துச்சு. குதிரையும் லாயமும் பெரும்பாலும் ஊர்க்காரங்களோடது, இவங்க கையில இருந்தது அந்த எழுத்துதான்.

கேள்வி: ஆம்பளைங்க பேரா வருதே, பொம்பளைங்க யாருமே இல்லையா? – வாசகி, கும்பகோணம்

இருக்காங்க, ரெண்டு பேரைச் சொல்றேன். ஒருத்தர் குடும்பத்துக்குள்ள, இன்னொருத்தர் குடும்பத்துக்கு எதிர்ல.

முதல்ல அலெக்ஸாண்ட்ரின். 1628ல புருஷன் இரண்டாம் லியோனார்ட் செத்துப் போறாரு, பையனுக்கு ஏழு வயசு, வெளியில முப்பதாண்டுப் போர் நடந்துக்கிட்டிருக்கு, படைங்க ஊர் ஊரா எரிச்சுக்கிட்டுப் போகுது. பையன் பேர்ல பொறுப்பை இந்தம்மா எடுத்துக்கிட்டு பிரஸ்ஸல்ஸ்ல உக்காந்து 1646 வரைக்கும், கிட்டத்தட்ட பதினெட்டு வருஷம், தபாலை ஓட்டினாங்க. வெறும் ஓட்டினது மட்டும் இல்ல, யார் யாருக்கு என்ன எழுதறாங்கன்னு திறந்து பாத்து காப்பி எடுக்கற வேலையும் அங்க நடந்துச்சு. எதிரி ராஜா, சிநேகித ராஜா எல்லாரோட கடிதமும் இந்தம்மா மேஜை வழியாத்தான் போகணும்.

இன்னொருத்தர் கதை மனசுக்குக் கஷ்டமானது. கத்தரீனா ஹெனோட், ஜெர்மனியில கொலோன் நகரம். இவங்க அப்பா யாகோப் ஹெனோட்தான், மேல சொன்ன வேலை நிறுத்தக் குழப்பத்தைச் சரி பண்ண சக்கரவர்த்தி அனுப்பின ஆளு. அவரு கொலோன்ல தபால் தலைமை ஆகி உக்காந்துட்டாரு, டாக்ஸிஸ் குடும்பம் அது எங்களுக்குத்தான்னு சண்டை, கோர்ட்டு, மேல்கோர்ட்டுன்னு வருஷக்கணக்கா இழுத்துச்சு. அப்பா 1625ல இறந்ததும் வழக்கும் தபால் ஆபீஸும் பிள்ளைங்க தலையில, கத்தரீனா அதுல முன்னால நின்னாங்க. அந்த நேரம் பாத்து ஊர்ல ஒரு மடத்துல கன்னியாஸ்திரீகளுக்குப் பேய் பிடிச்சுதுன்னு கிளம்பி, காரணம் கத்தரீனா வச்ச சூனியம்தான்னு பேசினாங்க. பிடிச்சுட்டுப் போய் சித்திரவதை பண்ணினாங்க. ஒத்துக்கவே இல்ல. ஜெயில்லேர்ந்து அண்ணன் தம்பிக்குள்ள ஒருத்தருக்கு எழுதின கடிதம் இடது கையால எழுதினது, வலது கையைச் சித்திரவதையில உருக்குலைச்சுட்டாங்க. தபால் வீட்டுப் பொண்ணு எழுதின கடைசிக் கடிதங்கள்ல ஒண்ணு அது. 1627 மே மாசம் ஊருக்கு வெளியில கொண்டுபோய் கழுத்தை நெரிச்சு எரிச்சாங்க.

இதுல டாக்ஸிஸ் வீட்டோட கை இருந்துச்சுன்னு எழுதறவங்க உண்டு, ஆதாரம் கிடையாது, அதனால நான் சொல்ல மாட்டேன். எதிராளி இல்லாமப் போனதுல லாபம் யாருக்குன்னு மட்டும் நமக்குத் தெரியும். 2012ல கொலோன் நகர சபை கத்தரீனாவும் அவங்க மாதிரி சூனியக்காரின்னு எரிக்கப்பட்டவங்களும் குற்றமில்லாதவங்கன்னு அறிவிச்சுது. அந்த ஊர் டவுன்ஹால் கோபுரத்துல இருக்கற சிலைங்கள்ல அவங்க சிலையும் ஒண்ணு.

கேள்வி: மத்தவங்க கடிதத்தைப் படிச்சாங்கன்னு சொல்றீங்க, கண்டுபிடிக்கலையா யாரும்? – வாசகர், சேலம்

எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சும் அனுப்பினாங்க, வேற தபால் எங்க இருக்கு. 18ஆம் நூற்றாண்டுல அது ஒரு தனி டிபார்ட்மென்டாவே வளந்துச்சு. முக்கியமான தபால் ஆபீஸ்ங்கள்ல உள்ளறை ஒண்ணு, அரக்கு முத்திரையை மெழுகுவர்த்தி சூட்டுல நோகாம கிளப்பி, காப்பி எழுதி, போலி முத்திரை வச்சு மறுபடி ஒட்டி அடுத்த வண்டியில ஏத்திருவாங்க. காப்பி வியன்னாவுக்குப் போகும். சக்கரவர்த்தி இந்தக் குடும்பத்தைத் தூக்கி வச்சிருந்ததுக்கு வேகம் மட்டும்தான் காரணம்னு நினைக்காதீங்க.

வடக்கு ஜெர்மனியில இருந்த பிரஷ்யா மாதிரி பெரிய ராஜ்யங்க தனித் தபால் வச்சுக்கிட்டதுல இந்தப் பயமும் ஒரு பங்கு. காசு இன்னொரு பங்கு.

கேள்வி: அவ்வளவு பெரிய சாம்ராஜ்யத்தை எப்படி விட்டாங்க? ரயில் வந்ததாலயா? – ஓய்வு பெற்ற தபால் ஊழியர், விருதுநகர்

ஐயா, உங்க கேள்வியைப் பாத்ததும் நிமிந்து உக்காந்தேன். ரயில் வந்ததை அவங்க சமாளிச்சுட்டாங்க, பை குதிரையிலேர்ந்து ரயில்ல ஏறினா தபால்காரனுக்கு என்ன நஷ்டம். விழுந்தது வேற காரணம்.

குடும்பம் எப்பவும் சக்கரவர்த்தியோட நிழல்லயே நகரும். ஸ்பெயின் சிம்மாசனம் யாருக்குன்னு வாரிசுச் சண்டை வந்ததும் 1700களோட ஆரம்பத்துல பிரஸ்ஸல்ஸை விட்டு பிராங்ஃபர்ட் வந்தாங்க, அங்க பெரிய அரண்மனை கட்டினாங்க, 1748ல ரேகன்ஸ்பூர்க் போனாங்க. அங்கதான் சாம்ராஜ்யத்து சபை நிரந்தரமாக் கூடும், அதுல சக்கரவர்த்தியோட பிரதிநிதியாவே குடும்பத் தலைவர் உக்காந்தாரு. விருந்து, நாடகம், வேட்டைன்னு தபால் காசு தண்ணியா ஓடுச்சு. அப்புறம் நெப்போலியன் வந்தாரு. 1806ல அந்த சாம்ராஜ்யமே கலைஞ்சு போச்சு. சக்கரவர்த்தி குடுத்த உரிமை, இப்ப சக்கரவர்த்தியே இல்ல, என்ன பண்றது?

இங்கதான் இன்னொரு பொம்பளை வர்றாங்க, கும்பகோணம் வாசகி கவனிக்கணும். கார்ல் அலெக்ஸாண்டர் இளவரசரோட மனைவி தெரேஸ. இவங்க தங்கச்சி லூயிஸ பிரஷ்யாவோட ராணி. தெரேஸ ஒவ்வொரு ராஜா வீட்டுக் கதவா ஏறி இறங்கிப் பேசினாங்க, நெப்போலியன் பக்கமும் பேசினாங்க. பலன், எங்கெல்லாம் தபால் போச்சோ அங்கெல்லாம் பதிலுக்கு ஏதாவது வாங்காம விடலை. ரைன் ஆத்துக்கு மேற்கால பிரான்ஸ்கிட்ட போனதுக்கு 1803லயே தெற்கு ஜெர்மனியில சுவாபியாப் பக்கம் மடத்து நிலங்கள் வந்திருந்துச்சு. பவேரியா 1808ல தபாலை எடுத்துக்கிச்சு, ஈடா ரேகன்ஸ்பூர்க்ல செயின்ட் எம்மெராம்ங்கற பழம்பெரும் மடாலயமே கைக்கு வந்துச்சு, அதைத்தான் அரண்மனையாக்கினாங்க. பிரஷ்யா தன் பகுதித் தபாலுக்கு ஈடா 1819ல க்ரோட்டோஷின்னு ஒரு பெரிய எஸ்டேட்டைக் குடுத்துச்சு, அது இப்போ போலந்துல இருக்கு. 1815ல வியன்னாவுல நடந்த மாநாட்டுல, மிச்சமிருக்கற தபால் உரிமையைப் பறிச்சா நியாயமான ஈடு குடுக்கணும்னு சட்டத்துலயே எழுத வச்சுட்டாங்க. கவனிங்க ஐயா, தபாலைவிட அதை விடறதுக்கு வாங்கின ஈடுதான் இன்னிக்கு வரைக்கும் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போடுது.

மிச்சத்தோட அம்பது வருஷம் ஓட்டினாங்க. ஹெஸ்ஸன், நஸாவ், துரிங்கியாவோட குட்டி ராஜ்யங்கள், தலைமை ஆபீஸ் பிராங்ஃபர்ட். 1851ல தெற்கே வூர்ட்டெம்பெர்க் ராஜ்யத்துத் தபாலும் கையை விட்டுப் போச்சு. 1866ல பிரஷ்யாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் சண்டை, இவங்க பழக்கதோஷத்துல ஆஸ்திரியா பக்கம். ஜூலை மாசம் பிரஷ்யப் படை பிராங்ஃபர்ட்டுக்குள்ள நுழைஞ்சுது, பின்னாடியே ஹைன்ரிஷ் ஸ்டெஃபான்னு ஒரு தபால் அதிகாரி வந்து தலைமை ஆபீஸ்ல உக்காந்துட்டாரு. 1867 ஜனவரி 28ஆம் தேதி கையெழுத்து, விலை முப்பது லட்சம் தாலர் (அந்தக் காலத்து ஜெர்மன் வெள்ளிக் காசு), ஜூலை 1லேர்ந்து எல்லாம் பிரஷ்யா தபால். அன்னிக்கு வேலைக்கு வந்த ஊழியர்களுக்கு முதலாளி மட்டும் மாறியிருந்தாரு, மேஜையும் மையும் அதேதான், உங்களுக்குத் தெரியாததா.

அந்த ஸ்டெஃபானை நீங்க வேற விதத்துல அறிவீங்க. 1874 அக்டோபர் 9ல பெர்ன் நகரத்துல உலகத் தபால் ஒன்றியம் உருவாக முன்னால நின்னவரு அவரு. அந்த நாளைத்தான் உங்க டிபார்ட்மென்ட்ல வருஷா வருஷம் உலக அஞ்சல் தினமாக் கொண்டாடியிருப்பீங்க.

கேள்வி: இப்ப அந்தக் குடும்பம் இருக்கா? – வாசகர், சிங்கப்பூர்

ஜம்முனு இருக்கு. 1919லயே ஜெர்மனியில பிரபுக்களோட சலுகையெல்லாம் ஒழிச்சாச்சு, பட்டம் இப்ப வெறும் இனிஷியல் மாதிரி பேரோட ஒட்டிக்கிட்டிருக்கு. ஆனா சொத்துல காடே சுமார் 20,000 ஹெக்டேர், நாட்டுல பெரிய தனியார் காட்டு முதலாளிகள்ல அவங்களும் உண்டு. இப்போ தலைவர் ஆல்பர்ட், 1983ல பிறந்தவரு, எட்டு வயசுலயே கோடீஸ்வரர் பட்டியல்ல பேர் வந்துச்சு, பெரியவரானதும் கார் ரேஸ் ஓட்டினாரு, 2010ல ஜெர்மன் ஜிடி மாஸ்டர்ஸ் பட்டமும் ஜெயிச்சாரு. வேகம் ரத்தத்துல இருக்குன்னு எழுத ஆசையாத்தான் இருக்கு, வேண்டாம்.

அவரோட அம்மா குளோரியா எண்பதுகள்ல தலைமுடியைச் சிலுப்பி விட்டுக்கிட்டு பார்ட்டி பார்ட்டின்னு பேப்பர்ல வந்தவங்க. 1990ல புருஷன் யோஹன்னஸ் இறந்து, பாத்தா தலைக்கு மேல கடன், அதோட வாரிசு வரி. அதே அம்மா கணக்குப் புஸ்தகத்தைக் கையில எடுத்து நகையையும் சாமானையும் ஏலம் விட்டு, குடும்பத்துப் பீர் கம்பெனியையும் வித்து கரை சேத்தாங்க. வரிக்குப் பதிலா பவேரியா அரசாங்கம் எடுத்துக்கிட்ட பொருளுங்களை ரேகன்ஸ்பூர்க் அரண்மனையிலயே மியூசியமா வச்சிருக்காங்க, போனா அந்த மூக்குப்பொடி டப்பாக்களைப் பாருங்க, ஒவ்வொண்ணும் ஒரு வீட்டு விலை.

ஏலத்துல போன நகையில ஒண்ணு, பிரெஞ்சு மகாராணி யூஜெனியோட முத்துக் கிரீடம், இரு நூறுக்கு மேல முத்து. குடும்பத்துல ஒரு கல்யாணத்துக்கு வாங்கி வச்சிருந்தது. 1992ல அது பாரீஸ் லூவ்ர் மியூசியத்துக்குப் போச்சு. 2025 அக்டோபர்ல பட்டப்பகல்ல ஏணி வச்சு ஏறி லூவ்ர்ல நகை திருடினாங்களே, அந்தத் திருட்டுல போனதுல இதுவும் ஒண்ணு.

கேள்வி: என் தாத்தாவோட ஸ்டாம்ப் ஆல்பத்துல ராஜா தலையே இல்லாம வெறும் நம்பர் போட்ட ஒரு பழைய ஸ்டாம்ப், ஓரத்துல துர்ன் உன்ட் டாக்ஸிஸ்னு இருக்கு. ஒரு பழைய கவர்ல ஒட்டினபடி இன்னொண்ணும் இருக்கு. லட்சத்துக்குப் போகுமா? – வாசகர், நாகர்கோவில்

லட்சக் கனவை முதல்ல இறக்கி வச்சிருங்க. 1852 ஜனவரி 1லேர்ந்து இவங்க ஸ்டாம்ப் விட்டாங்க. எந்த ராஜா தலையைப் போடறது, ஒரே தபால் ஏகப்பட்ட ராஜ்யத்துல ஓடுது, ஒருத்தரைப் போட்டா இன்னொருத்தருக்குக் கோவம் வரும், அதனால நடுவுல நம்பர் மட்டும். காசுலயும் தகராறு, வடக்கே சில்பர்குரோஷன், தெற்கே குரோய்ட்ஸர், ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனி ஸ்டாம்ப். என்கிட்டயும் ஒண்ணு இருக்கு, பூதக்கண்ணாடியில பாத்தா கத்திரிக்கோலால வெட்டினது தெரியும், ஆரம்பத்துல ஓரத்துல ஓட்டையெல்லாம் கிடையாது, தாளை வச்சு வெட்டித்தான் குடுப்பாங்க, அவசரத்துல வெட்டினவரு என் ஸ்டாம்ப்ல ஒரு பக்கக் கோட்டையே தின்னுட்டாரு.

1867ல கடை மூடினதும் விக்காம மிஞ்சின தாளுங்க சேகரிக்கறவங்க கைக்குப் போச்சு, அதனால உபயோகிக்காத புது ஸ்டாம்ப் பல வகையில மலிவாவே கிடைக்கும். முத்திரை குத்தினதுக்குத்தான் பல சமயம் மவுசு அதிகம், நம்ம ஊர் வழக்கத்துக்கு நேர் எதிர். கவர்ல இருக்கற ஸ்டாம்ப் மேல ஒண்ணுக்குள்ள ஒண்ணா வட்டம் வட்டமா நாலு வளையம், நடுவுல ஒரு நம்பர் இருக்கான்னு பாருங்க. அந்த நம்பர் தபால் ஆபீஸோட நம்பர், எந்த ஊர்ல குத்தினதுன்னு அதை வச்சே கண்டுபிடிச்சிரலாம், சின்ன ஊரா இருந்தா நீங்க அதிர்ஷ்டசாலி. தயவுசெஞ்சு தண்ணியில ஊற வச்சு ஸ்டாம்பைப் பிச்சு எடுத்துராதீங்க, கவரோட இருக்கட்டும், பழைய டேப் எதையும் மேல ஒட்டாதீங்க, ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, நம்பரைப் பாத்து ஊர் பேரை அடுத்த இதழ்ல சொல்றேன்.